பார்க்காமலே சொன்ன பிழை

“என் பொண்டாட்டிக்கு மருந்தை ரெண்டு மடங்கா ஏத்திட்டு, கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்றீங்களே, வெட்கமா இல்ல?”

ஆஸ்பத்திரி அலுவலக அறையில் அப்பா மேசையைத் தட்டினார். அம்மா கண் விழித்து ஒரு மணி நேரந்தான் ஆகியிருந்தது.

மருந்தளவைக் கணக்கிடும் மென்பொருளை எழுதிய பெண் கையைப் பிசைந்தாள். “மன்னிச்சிருங்க ஐயா. மூணு நாளா தேடுறோம். தப்பு எங்க இருக்குன்னே தெரியல.”

“இவனக் கேளுங்க! மென்பொருள்ல தப்பு கண்டுபிடிக்கிறதுலதான் என் மகன் டாக்டர் பட்டமே வாங்கப் போறான்.” அப்பா அவனை முன்னால் இழுத்து நிறுத்தினார். “நாலு கேள்வி கேளுடா!”

“விடுங்கப்பா, போலாம்.”

“எதுக்கு விடணும்? உங்கம்மா உயிர் பிழைச்சதே பெருசு!”

அவன் தலை நிமிராமல் அந்தப் பெண்ணிடம் சொன்னான்: “மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கிற இடத்தைப் பாருங்க. பழைய அளவை அழிக்காம, புது அளவோட சேர்த்துக் கூட்டுது.”

அவள் மடிக்கணினியில் தேடினாள். இரண்டே நிமிடத்தில் முகம் மாறியது. “ஆமா சார், அதேதான்!”

அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “பாத்தீங்களா! பாக்காமலே சொல்லிட்டான்!”

“பாத்திருக்கேன்பா.” அவன் அப்பா பக்கம் திரும்பினான். “என் ஆராய்ச்சிக்கு இந்த மென்பொருளைத்தான் எடுத்திருந்தேன். நாலு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன். வெளிய சொன்னா வேற யாராவது முந்திடுவாங்க, என் கட்டுரை வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு… யார்கிட்டயும் சொல்லல.”

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அம்மா மகனைக் கேக்குறாங்க.”

அவன் நகரவில்லை. போ என்று அப்பாவும் சொல்லவில்லை.