ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்

“லினக்ஸ் ஓடாத லெப்டொப் எனக்கு வேணாம் தம்பி. இதச் சொருகி எல்லாத்தையும் ஓட்டிக் காட்டுங்க. அப்புறந்தான் மத்தப் பேச்சு.”

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார். கிஷானுக்குப் பகீரென்றது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய லெப்டொப் விற்கும் கடை அவனுடையது. காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், கதவை இழுத்து மூடப் போகும்போதுதானா இப்படியொரு ஆள் வந்து சேர வேண்டும்!

நாலு மணிக்கு அவன் தெல்தெனியவில் பெண் வீட்டில் நிற்க வேண்டும். போன சம்பந்தம் அவன் பிந்திப் போனதால்தான் கலைந்தது. “மாப்பிள்ளைய அந்தக் கடையவே கட்டிக்கச் சொல்லுங்க” என்று அந்தப் பெண்ணின் அப்பா முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் பிந்தினால் தரகர் நம் வாசற்படியே மிதிக்க மாட்டார் என்று அம்மா காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

“ஆன்டி, நாளைக்கு வர்றீங்களா?”

“பஸ் ஏறி வந்திருக்கேன் தம்பி. வாங்கிட்டுப் போய் அது இல்ல, இது இல்லன்னு அழுது என்ன பிரயோசனம்? முந்தியே ஓட்டிப் பாத்துடணும்னு மக சொல்லித்தான் அனுப்பியிருக்கா.”

மடியில் ஒரு கேக் பெட்டியை வைத்துக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எழும்பும் உத்தேசமே தெரியவில்லை.

கிஷான் பெருமூச்சு விட்டுவிட்டு முதல் லெப்டொப்பில் பென் டிரைவைச் சொருகினான். அதிலிருந்தே லினக்ஸ் இயங்குதளம் எழும்பியது. திரை பளிச்சென்று வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை.

“பொறகு சரியாகிடுமா தம்பி?”

‘சரியாகிடும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாபாரமும் முடியும், பெண் வீட்டுக்கும் பறக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“இல்ல ஆன்டி. இதுல உள்ள வைஃபை கார்டு லினக்ஸுக்கு ஒத்து வராது. ஒங்களுக்கு இது வேணாம்.”

இரண்டாவது லெப்டொப்பில் எல்லாம் வேலை செய்தது. ஆனால் மூடி வைத்துத் திறந்ததும் கும்பகர்ணன் மாதிரி எழும்பவே மாட்டேன் என்றது. அதையும் ஒதுக்கி வைத்தான். அதற்குள் அம்மாவின் அழைப்பு.

“எங்கடா இருக்க? நான் சீலை கட்டி எவ்வளவு நேரமாச்சு!”

“இந்தா வந்துட்டேன்மா” என்று வாய் கூசாமல் பொய் சொன்னான்.

“அவசரமா தம்பி? வேணும்னா நான் போறேன்” என்றார் அந்த அம்மாள்.

“உக்காருங்க ஆன்டி. இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துடுவோம்.”

மூன்றாவதில் வைஃபை, சத்தம், தூக்கம், விழிப்பு எல்லாமே சரியாக இருந்தன. கிஷானுக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த அம்மாள் விடுவதாக இல்லை. கேமராவைப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் மகளைக் கூப்பிடச் சொன்னார். மகளின் பக்கம் திரை கறுப்பாகவே இருந்தது.

“இங்க சிக்னல் மோசம், அதான் என் கேமராவ நிப்பாட்டியிருக்கேன்” என்றது ஒரு குரல். “நீங்க கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. ம்... ஒரு தடவை சிரிங்க, நிறம் சரியா வருதான்னு பாக்கணும்.”

கிஷான் பல்லைக் காட்டினான்.

“இப்ப மைக். என்னமாச்சும் பேசுங்க.”

என்ன பேசுவது? அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெண் வீட்டில் கேட்கப் போகும் மன்னிப்பையே ஒத்திகை பார்த்துவிட்டான்.

“பிந்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. கடைக்கு வந்தவங்கள இடையில விட்டுட்டு வர மனசு வரல.”

“தெளிவா கேக்குது” என்று குரல் சிரித்தது.

“அப்ப நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன் தம்பி” என்று அந்த அம்மாள் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். அடப்பாவமே, இதற்குத்தானா இவ்வளவும்!

கிஷான் அம்பிட்டியவில் இருந்த தன் வீட்டுக்கு ஓடி, குளித்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போதாக்குறைக்குத் திகனையில் மழை பிடித்துக்கொண்டது. “மாதாவே, இந்தச் சம்பந்தத்தையாச்சும் காப்பாத்தித் தா” என்று வழி நெடுக அம்மா செபமாலை உருட்டினாள்.

தெல்தெனிய வீட்டில் பெண்ணின் அப்பா அந்தோனி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே “வாங்க” என்றார். கிஷான் தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தான்.

“பிந்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. கடைக்கு...”

“வந்தவங்கள இடையில விட்டுட்டு வர மனசு வரல, அதானே?” என்று தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த பெண் மீதியைச் சொன்னாள்.

கிஷான் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவளுக்குப் பின்னால் அதே கேக் பெட்டியைத் திறந்தபடி வந்த அந்த அம்மாள், “பயப்படாம கேக் சாப்பிடுங்க தம்பி, எல்லாம் சரியா இருக்குன்னு மக அப்பவே சொல்லிட்டா” என்றார்.