பொத்தான் வரைக்கும் தெரியும்

"பறவைக்குத்தானே சார்?" என்று ஆரம்பித்தான் கேமரா கடை விற்பனையாளன். தூரத்து லென்ஸ் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பறவைப் பைத்தியங்கள்.

"இல்ல தம்பி. ஒரு மலைமேல நின்னு எதிர்மலைச் சரிவை எடுக்கணும்," என்றார் வந்தவர். "கனமா வேண்டாம். இந்த வயசுல என்னைத் தூக்கிட்டு ஏறுறதே பெரிய பாடு."

விற்பனையாளன் சிரித்தபடி, அவர் கொண்டுவந்திருந்த மிரர்லெஸ் கேமராவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஜூம் லென்ஸை மாட்டினான்.

"குட்டியா இருக்கேன்னு பார்க்காதீங்க. பறக்கறது, ஓடறது எதுவும் இதுக்குத் தப்பாது."

"அசையாது. நிறம் சரியா வந்தா போதும்."

கழுகுக் கூடாகத்தான் இருக்கும், மனுஷன் இடத்தை மறைக்கிறார். அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"எதிர் மாடியில நீல ஸ்வெட்டர் காயுது பாருங்க. ஜூம் பண்ணினா பொத்தான் வரைக்கும் தெரியும்."

பார்த்தவரின் கை வெடவெடவென்று நடுங்கியது.

"கை நடுங்கினாலும் படம் நடுங்காது சார். கூட்டுல குஞ்சு இருக்கா?"

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"என் பையன் மலையேறப் போய் விழுந்துட்டான். அங்க இறங்க முடியாதுன்னு மீட்புக் குழு திரும்பிட்டாங்க. அவங்க எடுத்த படத்துல நீலமா ஒரு புள்ளிதான் இருக்கு. அது அவன் ஸ்வெட்டர்னு சொல்றாங்க. ஏதோ கல்லுன்னு அவன் அம்மா அடிச்சுச் சொல்றா. வாசல் கதவைத் தாழ் போடவே விடமாட்டேங்கறா."

விற்பனையாளன் கையிலிருந்த லென்ஸ் மூடியை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"இதுல பார்த்தா..." அவர் குரல் தாழ்ந்தது. "அது கல்லா இருந்தா, கல்லுன்னு தெரிஞ்சிடும் இல்ல தம்பி?"