ரிப்பன் வெட்டிய அறை

"உங்க பையனா இவன்? வந்ததுலேருந்து என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குறான்," என்றாள் ஆயம்மா.

காலரக்காவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பெற்ற அப்பா தூக்கினாலே ஊரைக் கூட்டுகிற பையன், முன்பின் தெரியாத ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாய் கொஞ்சம் நீளம். "புள்ளைங்களை விட ஒரு அறை குடுங்க சார்" என்று அவள் நச்சரித்த நச்சரிப்பில், மேனேஜர் அவளைக் கண்டாலே வேறு வழியாகப் போவார். அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் அவராகவே அவள் மெஷின் பக்கம் வந்து, "நீ கேட்டது வருது" என்றார். அன்று ஊசி விரலில் ஏறாமல் தப்பியது அதிசயம்தான்.

இன்று காலையில் எல்லோரையும் நிற்க வைத்து அவர் பேசவும் செய்தார். "இப்பல்லாம் நம்ம சட்டையை வாங்கற பையர் கம்பெனிக்காரங்க தையலை மட்டும் பாக்கறதில்ல. வேலை செய்யறவங்களை நாம எப்படி வெச்சிருக்கோம்னும் பாக்கறாங்க. சமூகப் பொறுப்பு இருந்தாத்தான் கம்பெனி நிக்கும். கம்பெனி நின்னாத்தான் நாம நிப்போம்."

புது மெஷின் வாங்கியவர் போல அவர் முகத்தில் அத்தனை பெருமை. கைதட்டியவர்களில் காலரக்காவின் கைதான் அதிகம் சிவந்தது.

பேச்சு முடிந்ததும், ரிப்பன் வெட்டுவதற்கு முன்பாகவே பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டார்கள். வெட்டுத் துணி மூட்டைகள் அடைந்து கிடந்த அறையா இது? சுவரில் மஞ்சள் வண்ணம், தரை முழுக்க மெத்தை, வரிசையாகத் தொட்டில்கள், மூலையில் ஓர் ஆடும் குதிரை. குதிரையின் வயிற்றில், பந்தில், கரடிப் பொம்மையின் பாதத்தில் எல்லாம் ஒரு பச்சைப் புள்ளி.

"இது என்னக்கா, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கு?"

"ஒண்ணும் தொலைஞ்சிடக் கூடாதுல்ல? சாயங்காலம் எண்ணி எடுக்கணும்," என்றாள் ஆயம்மா. எவ்வளவு பொறுப்பான ஆள் என்று காலரக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

இத்தனை நாளும் பையனைப் பார்த்துக்கொண்டது நாத்தனார்தான். நல்ல நல்ல வேலை வந்தபோதெல்லாம், "அண்ணன் புள்ளைய யாரு பாக்கறது?" என்று விட்டுக்கொடுத்தவள். இந்த அறையை நம்பித்தான் காலரக்கா இன்று அவளை ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்கு அனுப்பியிருந்தாள். "நீ நிம்மதியாப் போ. இனிமே இவன் கம்பெனிப் புள்ளை" என்று வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தாள்.

பையர் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரியம்மா ரிப்பனை வெட்டினார். பிறகு காலரக்காவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். "பயப்படாம சொல்லுங்க. இங்க உங்களுக்கு என்ன குறை?"

சொல்ல ஒரு மூட்டை இருந்தது. கட்டாய ஓவர்டைம், வேலை நேரத்தில் வெளியிலிருந்து பூட்டிவிடுகிற பின்கதவு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பையன் குதிரையில் ஆடிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு அறையைக் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு குறையும் இல்லைங்க. சொந்த வீடு மாதிரி பாத்துக்கறாங்க," என்றாள். அதிகாரியம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மாலை மணி அடித்ததும் ஓடினாள். அறை வாசலில் ஒரு வேன் பின்பக்கம் திறந்து நின்றது. இரண்டு ஆட்கள் மெத்தையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குதிரை ஏற்கெனவே உள்ளே கவிழ்ந்து கிடந்தது.

காலரக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. வேனுக்குக் குறுக்கே போய் நின்றாள். "யாருய்யா நீங்க? கம்பெனிக்குள்ளயே வந்து எங்க புள்ளைங்க சாமானைத் தூக்கிட்டுப் போறீங்களா? எறக்குங்க எல்லாத்தையும். வாட்ச்மேன், கேட்டை மூடு."

வாட்ச்மேன் அசையவில்லை. ஆட்கள் கோபப்படவும் இல்லை, மெத்தையைக் கீழே வைக்கவும் இல்லை. மாடிப்படியிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "அவங்களை விடும்மா. வண்டி போகட்டும்."

"சார், தொட்டிலையும் ஏத்திட்டாங்க சார்."

"தெரியும். ஆர்டர் நமக்குத்தான் வந்திருக்கு. நீ பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அந்த அம்மா சொல்லிட்டுப் போனாங்க." சொல்லிவிட்டு அவர் திரும்பி மாடியேறினார்.

ஏமாற்றியது கூடப் பெரிதில்லை, பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டானே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பின்கதவைப் பற்றிச் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. முதல் நாள் வேலையை முடித்துவிட்டு ஆசையாக வீடு திரும்புகிற நாத்தனாரிடம், எந்த முகத்தோடு அதை விடச் சொல்வது?

ஆயம்மா, பையனைத் தோளில் போட்டுத் தட்டியபடி வெளியே வந்தாள். அவன் தூங்கியிருந்தான். காலரக்காவுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அவள் ஒருத்திதான்.

"அக்கா, சாமான் போனாப் போகட்டும். வெறும் தரை போதும், நான் வீட்டுலேருந்து போர்வை கொண்டு வரேன். நீங்க மட்டும் நாளைக்கு வந்துடுங்க."

ஆயம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், பையனை அலுங்காமல் அவள் கைக்கு மாற்றினாள். பிறகு வேனின் பின்பக்கம் ஏறி, சுருட்டிய மெத்தைகளுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னையும் சேத்துத்தாம்மா வாடகை."