உப்பளத்தின் விலை

"ஒரு பெயர். ஐந்நூறு தினார். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்று உறையை மேசைமேல் வைத்தார் அதிகாரி ஹாத்திம்.

கடைக்காரர் திஜானி உறையைப் பார்க்கவே இல்லை. புதினாத் தேநீரில் மிதந்த பாதாமைக் கரண்டியால் ஒதுக்கியபடி, "ஐந்நூறா? நம்ம ஸ்பாக்ஸ் ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு மீன் வாங்கவே பத்தாதே, ஸீ ஹாத்திம்!" என்றார், மரியாதைக்கு 'ஸீ' போட்டு.

பட்டப்பகலில் கடைக் கதவை அடைக்கச் சொல்லியிருந்தார் ஹாத்திம். எட்டுக் கணினிகளும் அணைந்து கிடந்தன. துறைமுகத் தெருவில் இன்டர்நெட் கடை இது ஒன்றுதான். 'உப்பளம்' வலைப்பதிவின் நாற்பத்தொரு கட்டுரைகளும் இந்தக் கடையிலிருந்தே போயிருக்கின்றன. கடலில் கலக்கும் ஆலைக் கழிவு, செத்து ஒதுங்கும் மீன், மூச்சு முட்டும் குழந்தைகள் என்று ஒன்றையும் விடவில்லை. எழுதிய ஆள் யாரென்று மட்டும் தெரியவில்லை.

"அதான் ஒரு பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்கீங்களே?" என்றார் திஜானி.

"ஷிராஸா? அவ இல்லை. பாதிக் கட்டுரைகள் வந்த நேரத்துல அவ பரீட்சை எழுதிட்டிருந்தா. ஆனா வாயைத் திறந்து 'நான் இல்லை'ன்னு சொல்ல மாட்டேங்கிறா. பன்னிரண்டு நாளாச்சு."

முந்தின மாதக் கடைசி ஞாயிறு, கடற்கரைக் காபிக் கடையில் வலைப்பதிவர்கள் கூடினார்கள். எதிர்ப்பின் அடையாளமாக எல்லாரும் வெள்ளைச் சட்டை. ஒருவரை ஒருவர் புனைபெயரில்தான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் கேட்பது அந்தக் கூட்டத்தில் மரியாதையில்லை. ஷிராஸ் எழுந்து நின்று 'உப்பளம்' கட்டுரை ஒன்றைச் சத்தமாக வாசித்தாள். வாசித்தவளே எழுதியவள் என்று போலீஸார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீயும் அங்க இருந்தியாமே?" என்று கேட்டார் ஹாத்திம்.

"பக்கத்து மேசை. நாற்காலி ஒண்ணு கேட்டாங்க, கொடுத்தேன். அதுக்கும் கேஸ் உண்டா?"

"வெள்ளிக்கிழமை கோர்ட். சரியான பெயர் கிடைக்கலைன்னா இவ பெயரே போகும். அஞ்சு வருஷம்."

திஜானி தேநீரைக் கீழே வைத்தார். "சரி, விக்கிறேன்."

ஹாத்திமுக்கு உள்ளூர ஒரு துள்ளல். மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் பார்த்த குடும்பம் இது, பேரத்தில் மசியாது என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இவ்வளவுதானா?

"ஆனா பணம் மட்டும் போதாது. முதல்ல பொண்ணு வீடு போய்ச் சேரணும்."

"முதல்ல பெயர்."

"துணியைக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டு விலை பேசுற வழக்கம் எங்க வீட்ல இல்லை. எப்படியும் அவ இல்லைன்னு உங்களுக்கே தெரியுது. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஹாத்திம் யோசித்தார். கடைத் தொலைபேசியை இழுத்து, பெண்ணை விடச் சொல்லி நான்கு வார்த்தை பேசினார். "அப்புறம்?"

"புதுப்பிக்காம உங்க பையிலேயே வச்சிருக்கீங்களே என் கடை லைசன்ஸு, அது வேணும். என் மனைவி ஸக்கியா பெயருக்கு மாத்திக் கொடுங்க."

"உனக்கு என்ன கேடு?"

"கண்ணு மங்குது, ஸீ ஹாத்திம். அவளுக்குக் கணக்கு நல்லா வரும்."

"கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்று சிரித்தபடியே பெயரை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார் ஹாத்திம். திஜானி அதை ஊதி ஊதிக் காயவைத்துப் பெட்டியில் பூட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. ஷிராஸின் தாய் அழுகிற சத்தம் ஹாத்திமுக்கே கேட்டது. "அழாதீங்க, உம்மு ஷிராஸ். முதல்ல பிள்ளைக்குச் சோறு போடுங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார் திஜானி.

"இப்ப சொல்லு. எந்த ஏழைத் தாய் பெத்த மகனை எனக்கு விக்கப்போற?"

திஜானி அலமாரியிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார். உட்காருகிற ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை எண், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் கடைக்காரர் தன் கையால் எழுதியாக வேண்டும், அது சட்டம்.

"இந்த நோட்டை நான் மூணு தடவை அலசிட்டேன். அந்த நாற்பத்தொரு நேரத்திலயும் இருந்த ஆள்னு இதுல ஒருத்தனும் இல்லை."

"இருக்க மாட்டான். அவனை நான் எழுதினதே இல்லை."

"எழுதாம உட்கார வச்சியா? அதுக்கே உன்னை உள்ளே தள்ளலாம், தெரியுமா?"

"தெரியும். கணக்கை நேர் பண்ணிடுறேன்."

திஜானி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதுப் பக்கத்தில் நிதானமாக எழுதினார். மை காய்ந்ததும் பணஉறையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பதிவேட்டை ஹாத்திம் பக்கம் திருப்பி நகர்த்தினார். பிறகு இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து மேசைமேல் நீட்டினார்.

ஹாத்திம் வாசித்தார்:

'திஜானி பின் மஹ்ரூஸ், இக்கடையின் முன்னாள் உரிமையாளர். ஒன்றாம் எண் கணினி. நாற்பத்தொரு தடவை, எண்பத்திரண்டு மணி நேரம். மணிக்கு ஒன்றரை தினார் வீதம் கடைக்குச் சேர வேண்டியது நூற்று இருபத்து மூன்று. இன்று ஒரு பெயர் விற்று வந்த வரவு ஐந்நூறு. மிச்சம் முந்நூற்று எழுபத்தேழு: வக்கீலுக்கு.'