கோபுரச் சேவல்

பூட்டிய கதவுக்கு முன்னால், தூறலில் நின்று, ஜூலியன் மூச்சு விடாமல் சரித்திரம் ஒப்புவித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய மூதாதையர் கட்டிய கிராமத்துத் தேவாலயம். ஆவணியில் இங்கே வைத்துப் பிரபாலினிக்கு மோதிரம் போட வேண்டும் என்பது அவன் ஆசை. கோயிலில் தாலி கட்ட அவன் எப்போதோ தலையாட்டிவிட்டான். இதற்குத் தலையாட்ட வேண்டியவள் பிரபாலினியின் அம்மா மங்கையற்கரசி.

அம்மா பிடிகொடுக்கவில்லை. அம்மா சம்மதிக்காமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று பிரபாலினியும் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன்காரி அஞ்சலா, கதவுத் திறப்போடு இன்னும் வந்து சேரவில்லை.

பிரான்சில் ராஜா இவர்களுடைய மதத்துக்குத் தடை போட, உடுத்த துணியோடு ஜெர்மனிக்கு ஓடிவந்த சனமாம். வந்ததும் வீட்டுக்கு முதல் இதைத்தான் கட்டினார்களாம். ஒவ்வொரு வரியையும் பிரபாலினி தமிழாக்கிச் சொன்னாள். எசன் நகரத்துப் பேக்கரி வேலையில் இருபது வருடமாக ஜெர்மன்காரரோடு வாயடிக்கிற அம்மாவுக்கு இன்றைக்கென்று பார்த்து ஜெர்மன் விளங்கவில்லை.

ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது வெள்ளைச் சுவர். நிறமில்லாத கண்ணாடி. நடுவில் பிரசங்க மேடை, அதைச் சுற்றி மூன்று பக்கமும் உட்கார மர வாங்குகள். சிலுவைகூடக் கிடையாது. கதவுக்கு மேலே பிரெஞ்சில் ஒரு வரி வெட்டியிருந்தது. அதை ஜூலியனே திக்கித் திக்கித்தான் வாசித்தான்.

அம்மா ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள்.

“கும்பிட ஒரு உருவமும் இல்லை. ஆரைச் சாட்சி வைச்சுக் கலியாணம் கட்டுறது?”

அதை மட்டும் பிரபாலினி மொழிபெயர்க்காமல் விழுங்கிவிட்டாள்.

ஜூலியன் தன் குடையை அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தான். அம்மாவின் பூப்போட்ட குடை போன கிழமைதான் தொலைந்தது. ரயிலில் விட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் புலம்பினாள்.

அம்மா கட்டிடத்தை வலம் வரத் தொடங்கினாள். அவனும் குடையோடு பின்னாலேயே வலம் வந்தான். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மூன்றாவது சுற்றில் அம்மா நின்று அண்ணாந்து பார்த்தாள். கோபுர உச்சியில், காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல்.

கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“சேவல் நிக்குது பிள்ளை. முருகன்ர கொடி. பிறகென்ன? ஓம், சம்மதம் எண்டு சொல்லு அவருக்கு.”

அது காற்றுத் திசை காட்டுகிற சேவல் என்று பிரபாலினிக்கு வாய்வரை வந்தது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா? கடைசி வசனத்தை மட்டும் ஜெர்மனில் சொன்னாள். ஜூலியன் துள்ளிய துள்ளலில் குடை பறந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அஞ்சலா திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். கதவுப் பக்கம் போகாமல் நேரே அம்மாவிடம் போய், கக்கத்திலிருந்த பூப்போட்ட குடையை எடுத்து நீட்டினாள்.

“போன சனிக்கிழமை கடைசி வாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.”

மகள் பக்கம் திரும்பாமல், அம்மா நல்ல பேக்கரி ஜெர்மனில் நன்றி சொன்னாள்.