விடைத்தாளை அழித்தது யார்?

"ரப்பர் நல்லாவே உழைச்சிருக்கு போல, மிஸ் ப்ரூயிட்!"

கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஹாஸ்கின்ஸ், விடைத்தாள் கட்டை மேஜை மேல் பொத்தென்று போட்டார். ஒடெசா ப்ரூயிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை கிரிக்ஸ்பியைப் பார்த்தாள்.

"உங்க நாலாம் வகுப்புல இருபத்தாறு பிள்ளைங்க. கணக்குத் தேர்வுல இருநூத்திப் பதினோரு இடத்துல அழிச்சு மாத்தியிருக்கு. மார்க் இன்னும் வரலை. ஆனா அழிச்ச இடத்தை மெஷின் எண்ணிக் கொடுத்துடுச்சு. மத்த வகுப்புல பத்து, பன்னெண்டு இருந்தாலே அதிகம்!"

"நான் எதுக்கு சார் அழிக்கணும்?"

"எதுக்கா? மூணு வருஷமா இந்தப் பள்ளிக்கு 'எஃப்' கிரேடு. மாவட்டத்துலயே கடைசி. தூக்கி நிறுத்துவீங்கன்னுதானே போன ஆகஸ்டுல உங்களை இங்க அனுப்பினோம்? இதுக்கு முன்னாடி மூணு பள்ளியை மேல கொண்டுவந்து பேர் வாங்கினீங்களே, அங்கயும் இதே ரப்பர்தானா?"

ஒடெசாவுக்கு இது பத்தொன்பது வருட வேலை. தேர்வுத்தாளில் கை வைத்தாள் என்று இவர் எழுதிவிட்டால் ஆசிரியர் உரிமமே போய்விடும். அப்புறம் அலபாமாவில் எந்தப் பள்ளியும் அவளை வாசல்படி மிதிக்க விடாது.

கிரிக்ஸ்பிக்குப் பொறுக்கவில்லை.

"வார்த்தையை அளந்து பேசுங்க, சார். சனிக்கிழமை தவறாம சர்ச் ஹால்ல உட்கார்ந்து பின்னம் சொல்லிக் கொடுத்தவ இவ. ஒரு பிள்ளை வரலைன்னா வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுவா. வாய்ப்பாடுன்னா ஓட்டம் பிடிச்ச பிள்ளைங்க, இப்ப சாப்பாட்டு இடைவேளையில பந்தயம் கட்டி ஒப்பிக்குது. இவளா அழிப்பா? தங்கம் சார், இவ!"

"தங்கமா பித்தளையான்னு உரசிப் பார்த்தா தெரிஞ்சுடும்." ஹாஸ்கின்ஸ் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். "ஷானிஸ் டப்ஸ். இந்த ஒரு தாள்ல மட்டும் பத்தொன்பது. கூப்பிடுங்க அந்தப் பொண்ணை."

ஒடெசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பிலேயே கெட்டிக்காரி ஷானிஸ். அவளாவது, பத்தொன்பது இடத்தில் தடுமாறுவதாவது! அப்படியானால் நிஜமாகவே யாரோ தாள்களில் விளையாடியிருக்கிறார்களா?

ஷானிஸ் பாதி தின்ற சோள ரொட்டியோடு வந்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"பயப்படாதேம்மா," என்றார் ஹாஸ்கின்ஸ். "தேர்வு அன்னைக்கு உங்க மிஸ் பேப்பரை எல்லாம் வாங்கி அழிச்சாங்களா?"

"இல்லை."

"மறைச்சா உங்க மிஸ்ஸுக்குத்தான் கஷ்டம். வேலையே போயிடும்."

ரொட்டி கீழே விழுந்தது.

"மிஸ் தொடவே இல்ல சார்! நாங்கதான் அழிச்சோம். எல்லாரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம்."

"அப்படி வா வழிக்கு! விடையை யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலை. எங்களுக்கே எல்லாம் தெரியும். மிஸ்தான் அவ்வளவு நல்லா சொல்லிக் கொடுத்தாங்களே!"

ஷானிஸ் ஓடிப்போய் ஒடெசாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

"மிஸ் சுத்தி வந்து பார்க்கிறப்ப சந்தோஷப்படணும்னு முதல்ல எல்லாத்தையும் சரியா எழுதினோம். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அதை அழிச்சுட்டுத் தப்பா மாத்திட்டோம். 'எஃப்'லேர்ந்து மேல வந்துட்டா, மிஸ்ஸை எங்ககிட்டேர்ந்து பிடுங்கி வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவீங்களாமே!"