ஓராள் போதும்

புரட்டாசி கழியும் நாட்கள். பொழியவும் மனமின்றி, கலையவும் மனமின்றி முகில்கள் நகரின்மேல் கவிந்து கிடந்தன. அலுவலகத்தின் பதினான்கு சர்வர் கணினிகளைப் பேணிவந்தவர்கள் வண்டார்குழலியும், அவளுக்கு மூத்தவரான சிவக்கொழுந்தும். அத்தனை சர்வர்களின் வேலையையும் ஒரே இயந்திரத்துக்குள் அடக்கும் மென்பொருள்கள் இரண்டை ஒப்பிட்டு, வணிகத்துக்கு எது, சோதனைக்கு எது என்று எழுதித்தரும் பணி அவளிடம் வந்தது. இரு திங்கள் சோதித்து, பொய்யொன்றும் கலவாமல் எழுதினாள். எதை நிறுவினாலும் இனிப் பராமரிக்க ஓராள் போதும் என்று இறுதியில் பெருமையோடு சேர்த்தாள்.

மேலாளர் அந்த வரியை மட்டும் படித்தார். "எந்த சாஃப்ட்வேருன்னு நீயே முடிவு பண்ணும்மா. எந்த ஆளுன்னு நாங்க பண்ணிட்டோம்."

சிவக்கொழுந்து மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார். "அந்த வரிய நான் எழுதாம விட்டிருக்கலாம், அண்ணே" என்றாள் வண்டார்குழலி.

"ஏன், உண்மைதானே? அதுல எழுத்துப்பிழை திருத்தினவனே நான்தான், குழலி."

புதிதாக வந்திறங்கியிருந்த இயந்திரத்தின் முன் சென்று, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து அதன் முகப்பில் மூன்று விரலால் இட்டார். விரலில் எஞ்சியதைத் திரும்பி அவள் நெற்றியில் பூசினார்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க."